பெரிய கடை வருகிறதென்றால் முதலில் அதன் நுழைவாயிலைப் பாருங்கள்

வணிக வளாகத்தை ஒட்டி இன்னொரு பெரிய கடை வரப்போகிறது என்று தெரிந்ததும் குடியிருப்போர் நலச் சங்கங்களில் இரண்டு குரல்கள் எழும். "ஏற்கெனவே நெரிசல்தானே, இதனால் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது?" என்பது ஒன்று. "தெருவே போய்விடும்" என்பது மற்றொன்று. இரண்டிலும் கணக்கு இல்லை. சென்னை தியாகராய நகரில் நெடுநாள் குடியிருப்பவன் என்பதால் முதல் குரலைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். பாதி காலியாக இருக்கும் சாலையில் ஐம்பது வண்டிகள் கூடினால் யாருக்கும் தெரியாது. நிரம்பிவிட்ட சாலையில் அதே ஐம்பது வண்டிகள் சேர்ந்தால் சந்திப்பே முடங்கும். நெரிசல் மிகுந்த இடத்தில்தான் சின்னக் கூடுதலும் பெரிதாக வலிக்கும்.

போக்குவரத்துப் பாதிப்பு அறிக்கைக்காக வாகனங்களை எண்ணும் நாளிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை காலை அலுவலக நேரத்தில் எண்ணிய கணக்கைக் கொண்டு ஜவுளிக்கடையை எடைபோட முடியாது. அதன் உச்சநேரம் ஞாயிறு மாலை; ஆடித் தள்ளுபடி நாள்கள்; தீபாவளிக்கு முந்தைய வாரங்கள். தியாகராய நகரின் உஸ்மான் சாலையில் ஒரு முறை நடந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அறிக்கையில் எந்தத் தேதியில் எண்ணினார்கள் என்று பலர் பார்ப்பதே இல்லை.

"நானூறு கார் நிறுத்த இடம் இருக்கிறதே" என்று திருப்தியடைவது இன்னும் பெரிய தவறு. இடம் எத்தனை என்பதைவிட, நுழைவாயில் மணிக்கு எத்தனை கார்களை உள்ளே விடும் என்பதே முக்கியம். ஒரு காருக்கு டிக்கெட் கொடுத்துத் தடுப்பைத் தூக்க 15 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழியில் மணிக்கு 240 கார்கள்தான் நுழைய முடியும். 300 வந்தால் அந்த மணி நேர முடிவில் 60 கார்கள் வெளியே நிற்கும். காருக்கு 6 மீட்டர் என்றாலும் 360 மீட்டர் வரிசை. உள்ளே பாதி இடம் காலியாகக் கிடக்கும்போதே வெளியே பஸ்ஸும் ஆம்புலன்ஸும் நின்றுகொண்டிருக்கும். அதனால் வரைபடத்தில் டிக்கெட் சாவடி மதில் ஓரத்தில் இருக்கிறதா, உள்ளே தள்ளி இருக்கிறதா என்று கேளுங்கள். நான் முதலில் கேட்பது இதைத்தான்.

எதிர்ப்பவர்களும் ஒன்றில் தவறுகிறார்கள். புதிய கடைக்கு வருவோர் எல்லோரும் புதிதாக வருகிறவர்கள் அல்லர். பக்கத்து வளாகத்துக்கு வந்தவர்களே இங்கும் நுழைவார்கள். அவர்களை இரண்டு முறை எண்ணினால் உங்கள் மனுவை அதிகாரி ஒரே வரியில் தள்ளிவிடுவார். ஆனால் அவர்கள் நடந்து சாலையைக் கடப்பார்கள். அந்தக் கணக்கு எந்தத் தரப்பின் மனுவிலும் இருப்பதில்லை. தியாகராய நகருக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து நடப்பவர்கள் எத்தனையோ பேர். மாம்பலம் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை அவர்களுக்கு 2023இல்தான் கிடைத்தது.

சரக்கு லாரியையும் விட்டுவிடாதீர்கள். இந்தியச் சாலைகள் பேரவையின் அளவுகோலில், சாலையில் லாரி, பஸ்களின் பங்கு பத்து விழுக்காடு ஆகும்போது ஒரு லாரி 3.7 கார்களுக்குச் சமம். பின்தெருவில் நின்று சரக்கு இறக்கினால், அந்தத் தெருவுக்கு அது ஒரு மதில்.

நிலத்தின் கதை மெதுவாக நடப்பதால் கண்ணில் படாது. தியாகராய நகர் 1920களில் ஏரி நிலத்தில் குடியிருப்புக்கென்றே அமைந்த ஊர். பெரிய கடைகள் வந்தபின் அடுத்த தெருவில் ஒரு வீடு கிடங்காகும்; இன்னொன்று ஊழியர் விடுதியாகும்; தோட்டம் கட்டண வாகன நிறுத்தமாகும். திட்ட வரைபடத்தில் அந்தத் தெரு குடியிருப்பு மண்டலமாகவே இருக்கும். கடையின் மனையை மட்டும் பார்த்துவிட்டு இந்த மாற்றத்தை விட்டுவிட்டால் பாதிப்பில் பாதியை விட்டதாகும். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடை தீப்பிடித்து ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கட்டடம் சரிந்து, மிச்சமும் இடிக்கப்பட்டது. தீயணைப்பு வண்டி நுழையக் கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடம் ஏன் வேண்டும் என்று அதற்குப் பிறகும் விளக்க வேண்டியிருப்பது எனக்கு வேதனை.

"கருத்துக்கேட்பு நடக்கும், அப்போது பேசலாம்" என்று காத்திருக்கவும் வேண்டாம். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுவதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. ஆனால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு உண்டு. யாரும் உங்களை அழைக்க மாட்டார்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தேடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைக் கேளுங்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) பணி நிறைவுச் சான்றிதழ் கொடுக்கும் முன் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய், மாடிகளை எண்ணுங்கள். வாகன நிறுத்தம் என்று குறித்த தளத்தில் அலமாரிகள் நிற்கின்றனவா என்று பாருங்கள். கண்டதை எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.