இறைச்சியும் காய்கறியும் வதக்கும்போது சட்டியில் தண்ணீர் விடுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடை முன்னால் நின்று பாருங்கள். சிக்கனும் கேரட்டும் குடைமிளகாயும் சேர்ந்த வதக்கல் ஐந்து நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும். அதே சாமான்களை வைத்து வீட்டில் செய்தால் இறைச்சி வெளிறி, காய் குழைந்து, அடியில் தண்ணீர் நிற்கிறது. சாஸ் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம். கோளாறு சாஸில் இல்லை, தண்ணீரில்தான். தண்ணீர் கிடக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. இறைச்சி சிவந்து வறுத்த மணம் வர ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும்.

நம் வீட்டுப் பழக்கமும் இதற்கு ஒரு காரணம். துவரன் (தேங்காய்த் துருவல் சேர்த்த பொரியல்) வைத்துப் பழகிய கை, காயைப் போட்டதும் உப்புத் தூவி, தண்ணீர் தெளித்து, மூடி போட்டுவிடும். துவரனுக்கு அதுதான் சரி. இங்கே மூடியே கூடாது. நீராவி வெளியேற வேண்டும், உப்பும் கடைசியில்தான்.

பெரும்பாலும் தவறு தொடங்குவது இறைச்சியைக் கழுவும் இடத்தில். மஞ்சள் போட்டு அலசி, கையால் ஒரு பிழி பிழிந்து, அப்படியே சட்டிக்குக் கொண்டுபோகிறோம். கழுவிய இறைச்சியைக் கண்ணறைப் பாத்திரத்தில் கால் மணி நேரம் வடிய விடுங்கள். அப்புறம் சுத்தமான துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். தொட்டால் விரல் நனையக் கூடாது. அதற்குப் பிறகுதான் கால் கிலோவுக்கு ஒரு ஸ்பூன் சோள மாவு, கொஞ்சம் சோயா சாஸ், நல்லமிளகுப் பொடி, இஞ்சி, ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசறி இருபது நிமிடம் வைக்க வேண்டும். மாவு மேலே மெல்லிய உறைபோல் ஒட்டிக்கொண்டு இறைச்சியின் சாறு வெளியே வராமல் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது, ஞாயிற்றுக்கிழமை வாங்கிய ஒரு கிலோவையும் ஒரே தடவையில் கொட்டுவது. கடை அடுப்பின் தீ வீட்டு கேஸ் அடுப்பைவிடப் பல மடங்கு பெரியது. நம் அடுப்பு அவ்வளவு இறைச்சியைத் தாங்காது. கொட்டிய உடனே சட்டி ஆறிவிடும், சாறு வெளியேறிவிடும், அந்தச் சாற்றிலேயே இறைச்சி வேகும். கால் கிலோ கால் கிலோவாகப் போடுங்கள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, ஒரு நிமிடம் கரண்டியே போடாமல் விடுங்கள். போட்டதும் 'சர்' என்ற சத்தம் வந்து அது குறையாமல் இருக்க வேண்டும். சத்தம் அடங்கி கொதிக்கும் ஓசை கேட்டால் அளவு கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சிவந்ததும் தட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு அடுத்த ஈடு போடுங்கள்.

மாட்டிறைச்சி என்றால் இன்னும் கவனம் வேண்டும். தேங்காய்க்கொத்து போட்டு நாம் வைக்கும் பீஃப் வறுவல் முதலில் நன்றாக வெந்து, பிறகு வறுபடுவது. அதற்கு வெட்டும் சதுரத் துண்டை இந்த வதக்கலுக்கு எடுத்தால் செருப்புத் தோல்தான். எலும்பில்லாத இறைச்சியை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் வெட்டுவதற்கு இறுகும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே மெல்லிய கீற்றாக வெட்டுங்கள். முற்றிய இறைச்சிக்குக் கால் ஸ்பூன் சமையல் சோடா பிசறி, கால் மணி நேரம் கழித்து நன்றாக அலசி, ஈரம் ஒற்றி எடுக்கலாம். கால் கிலோவுக்கு இந்த அளவு போதும். கூடினால் சோடா வாடை அடிக்கும்.

நான்ஸ்டிக் சட்டி இந்த வேலைக்கு வேண்டாம். அதன் பூச்சுக்கு இவ்வளவு தீ ஆகாது. பழகிய இரும்புச் சட்டியே நல்லது. வெறும் சட்டியை நன்றாகச் சூடாக்கி, எண்ணெய் ஊற்றி, உடனே இறைச்சியைப் போடுங்கள். செக்குத் தேங்காய் எண்ணெய் சுமார் 175 டிகிரியிலேயே புகையும். எண்ணெயை ஊற்றிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால் கருகல் வாடைதான் மிஞ்சும். ஆகவே எல்லாவற்றையும் நறுக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

வடசேரிச் சந்தையில் வாங்கிவந்த காயையும் கழுவி உலர விடுங்கள். கேரட், பீன்ஸ் முதலில். இரண்டு நிமிடம் கழித்து குடைமிளகாய், கடைசியில் முட்டைக்கோஸ். எல்லாம் ஒரே கனத்தில் நறுக்கியிருக்க வேண்டும். காய் கடிபடும் பதத்தில் இருக்கும்போதே எடுத்து வைத்த இறைச்சியைச் சேர்த்து, சாஸைச் சட்டியின் ஓரமாக ஊற்றி, அரை நிமிடம் புரட்டி இறக்குங்கள். சோயா சாஸிலேயே உப்பு இருப்பதால் ருசி பார்த்த பிறகு உப்புப் போட்டால் போதும்.

கோழி மேலே சிவந்துவிட்டது என்பதற்காக உள்ளே வெந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். இருப்பதிலேயே தடித்த துண்டைப் பிளந்து பாருங்கள். நடுவில் இளஞ்சிவப்பு தெரிந்தால் தீயைக் குறைக்காமல் இன்னும் ஒரு நிமிடம் புரட்டுங்கள்.