பிட்காயின் நோடு: உங்கள் சொந்த சர்வரில் முதன்முறையாக அமைப்பது எப்படி

பிட்காயின் வலையமைப்புக்குத் தலைமைச் சர்வர் என்று ஒன்று கிடையாது. 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கில் (பிளாக் என்பது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு) தொடங்கி சற்றுமுன் வந்த பிளாக் வரை, முழுக் கணக்கேட்டையும் ஆயிரக்கணக்கான கணினிகள் தனித்தனியாகச் சரிபார்த்து வைத்திருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு நோடு. இந்தப் பதிவில் லினக்ஸ் சர்வர் ஒன்றில் பிட்காயின் கோர் மென்பொருளை நிறுவி, அப்படி ஒரு நோடை உருவாக்கப் போகிறோம். டெர்மினலில் கோப்புறை மாறவும், ஒரு கோப்பைத் திறந்து திருத்திச் சேமிக்கவும் தெரிந்தால் போதும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நோடு ஓட்டினால் பணம் வராது. மைனிங் (புதிய பிளாக்குகளை உருவாக்கிப் பரிசு பெறும் வேலை) வேறு, நோடு வேறு. நோடு தருவது ஒன்றே ஒன்றுதான்: கணக்கு சரியா என்று இன்னொருவரைக் கேட்காமல் நீங்களே பார்க்கலாம். 2010 ஆகஸ்டில் மென்பொருள் பிழை ஒன்றால், 74,638ஆம் பிளாக்கில் 18,400 கோடிக்கும் மேற்பட்ட பிட்காயின்கள் திடீரென முளைத்தன. சில மணி நேரத்தில் திருத்தப்பட்ட பதிப்பு வெளியானது. அதை நிறுவிய நோடுகள் அந்தப் பிளாக்கை ஏற்க மறுத்ததால் அது வரலாற்றிலிருந்தே நீங்கியது. விதிகள் உயிரோடு இருப்பது நோடுகளில்தான். இனி வரும் ஒவ்வொரு படியிலும் "இதை நானே சரிபார்த்தேனா?" என்ற கேள்வியை வைத்துத்தான் என் பரிந்துரைகள் இருக்கும்.

இன்னொரு குறிப்பு: கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், அமைப்புப் பெயருக்குள் இடைவெளி விடாமல் தட்டுங்கள். பதிவிறக்கும் தொகுப்புக்குள்ளேயே மாதிரி அமைப்புக் கோப்பு ஒன்று இருக்கிறது. எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் அதைத் திறந்து பாருங்கள்.

என்ன வன்பொருள் வேண்டும்

சிபியு பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், சாதாரணமானதே போதும். ரேம் 4 ஜிபி இருந்தால் ஓடும், 8 ஜிபி இருந்தால் நிம்மதி. யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது டிஸ்க்கைத்தான்.

முழுக் கணக்கேடு 600 ஜிபியைத் தாண்டிவிட்டது, ஆண்டுதோறும் வளர்கிறது. ஆகவே 1 டிபி குறைந்தபட்சம், வாங்குவதானால் 2 டிபி. அதுவும் எஸ்எஸ்டியாக இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இடம் நிறைய இருந்தாலும் ஏன் திணறுகிறது என்று பலர் கேட்பார்கள். காரணம் இதுதான்: இன்னும் செலவழிக்கப்படாத நாணயத் துண்டுகளின் பட்டியல் ஒன்றை நோடு தனியாக வைத்திருக்கும். அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உண்டு. புதிதாக வரும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும், "இந்தப் பணம் உண்மையில் இருக்கிறதா, ஏற்கெனவே செலவாகிவிட்டதா?" என்று அந்தப் பட்டியலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேட வேண்டும். சுழலும் டிஸ்க் இப்படித் தாவித் தாவிப் படிப்பதில் மிக மெதுவானது. முதல் ஒத்திசைவு, அதாவது முழுக் கணக்கேட்டையும் இறக்கிச் சரிபார்க்கும் வேலை, அதில் வாரக்கணக்கில் இழுத்துவிடும்.

இணைய இணைப்பில் மாதாந்தர டேட்டா வரம்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். முதல் பதிவிறக்கத்துக்கு அப்புறமும், மற்ற நோடுகளுக்குப் பழைய பிளாக்குகளை அனுப்புவதில் நிறைய டேட்டா செலவாகும்.

படி 1: தனிப் பயனர், ஃபயர்வால்

ரூட் கணக்கில் நோடை ஓட்டாதீர்கள். 'பிட்காயின்' என்ற பெயரில் சாதாரணப் பயனர் ஒருவரை உருவாக்கி, நோடை அந்தக் கணக்கில் ஓட்டுங்கள். ஃபயர்வால், நிறுவல் போன்ற வேலைகளுக்கு மட்டும் நிர்வாகி உரிமை வேண்டும்.

உபுண்டு, டெபியன் போன்றவற்றில் ஃபயர்வாலுக்கு யுஎஃப்டபிள்யூ கருவி எளிது. முதலில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டை அனுமதித்துவிட்டு, பிறகுதான் ஃபயர்வாலை இயக்க வேண்டும். வரிசை மாறினால் உங்கள் சர்வருக்குள் நீங்களே நுழைய முடியாது. அடுத்து 8333ஐ அனுமதியுங்கள், நோடுகள் ஒன்றோடொன்று பேசுவது அதில்தான். 8332ஐ மட்டும் வெளியுலகுக்குத் திறக்கவே கூடாது. அது நோடுக்குக் கட்டளையிடும் வாசல்.

படி 2: பதிவிறக்கி, சரிபார்த்து, நிறுவுதல்

அவசரத்தில் பலர் தாண்டிப் போகும் படி இது. யாரையும் நம்பாமல் கணக்குப் பார்க்கத்தானே நோடு வைக்கிறோம்? அந்தக் கணக்கைப் பார்க்கும் மென்பொருளே போலியாக இருந்தால் மற்ற எல்லா வேலையும் வீண்.

பிட்காயின் கோரின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மூன்று கோப்புகளை இறக்குங்கள்: உங்கள் கணினிக்குப் பொருந்தும் லினக்ஸ் தொகுப்பு, எஸ்எச்ஏ256 ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) பட்டியல், அந்தப் பட்டியலுக்கான கையொப்பக் கோப்பு.

முதலில் எஸ்எச்ஏ256சம் கட்டளையை 'செக்', 'இக்னோர்-மிஸ்ஸிங்' என்ற இரண்டு விருப்பங்களோடு ஓட்டுங்கள். தொகுப்பின் பெயருக்கு எதிரே 'ஓகே' என்று வந்தால், கோப்பும் பட்டியலும் பொருந்துகின்றன. ஆனால் பட்டியலையே ஒருவர் மாற்றி வைத்திருந்தால்? அதற்குத்தான் கையொப்பம். பிட்காயின் கோரை உருவாக்குவோர் பலர் ஒரே மூல நிரலைத் தனித்தனியே தொகுத்துப் பார்த்து, ஒரே ஹாஷ் கிடைத்தால் மட்டும் கையொப்பமிடுகிறார்கள். அவர்களுடைய பொதுச் சாவிகள் கிட்ஹப்பில் கையொப்பங்களுக்கென்றே உள்ள தனிக் களஞ்சியத்தில் கிடைக்கும். சிலரது சாவிகளை ஜிபிஜி என்ற கையொப்பச் சரிபார்ப்புக் கருவியில் சேர்த்துக்கொண்டு, கையொப்பக் கோப்பை 'வெரிஃபை' செய்யுங்கள்.

திரையில் 'குட் சிக்னேச்சர்' என்ற வரியும், அதன்கீழே இந்தச் சாவி நம்பகமானதெனச் சான்றளிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வரும். புதியவர்கள் இங்கே பயந்து நின்றுவிடுவதுண்டு. அந்தச் சாவிக்காரரை உங்களுக்குத் தெரியும் என்று ஜிபிஜியிடம் நீங்கள் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான் அதன் பொருள். சாவியின் கைரேகை எண்ணை வேறு ஓரிரண்டு இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். 'பேட் சிக்னேச்சர்' என்று வந்தால் மட்டும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். சேர்க்காத சாவிகளுக்குச் சரிபார்க்க முடியவில்லை என்று வருவதும் இயல்புதான்.

அப்புறம் தொகுப்பை விரித்து, 'பின்' என்ற பெயருள்ள கோப்புறையில் உள்ளவற்றை யூஎஸ்ஆர், லோக்கல், பின் என்ற பாதைக்கு நகலெடுத்தால் நிறுவல் முடிந்தது. நமக்கு வேண்டியவை இரண்டு நிரல்கள்: பின்னணியில் ஓடும் பிட்காயின்டி, அதனிடம் கேள்வி கேட்கும் பிட்காயின்-சிஎல்ஐ.

படி 3: அமைப்புக் கோப்பு

பிட்காயின் பயனரின் ஹோம் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் '.பிட்காயின்' என்ற கோப்புறையை உருவாக்கி, அதற்குள் பிட்காயின்.கான்ஃப் கோப்பை வையுங்கள். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்:

சிக்நெட்=1
டிபிகேஷ்=4000
டிஸேபிள்வாலட்=1
மேக்ஸ்அப்லோட்டார்கெட்=5000

சிக்நெட் என்பது சோதனை வலையமைப்பு. நாணயங்களுக்கு மதிப்பில்லை, கணக்கேடும் சிறியது. உண்மையான வலையமைப்பில் இறங்கும் முன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இதில் ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம்.

டிபிகேஷ் என்பது அந்த நாணயத் துண்டுப் பட்டியலில் எவ்வளவை ரேமில் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவு, மெபிபைட் (ஏறத்தாழ ஒரு மெகாபைட்) கணக்கில். முதல் ஒத்திசைவின் வேகத்தைப் பெரிதும் மாற்றும் அமைப்பு இது. 8 ஜிபி ரேமுக்கு 4000 பொருத்தம். 4 ஜிபி மட்டும் இருந்தால் 1000க்குள் வையுங்கள். ஒத்திசைவு முடிந்ததும் இந்த வரியை நீக்கிவிடலாம்.

டிஸேபிள்வாலட் வாலட் வசதியை, அதாவது பணத்தைச் செலவழிக்கும் ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் பகுதியை, அணைக்கிறது. இணையத்தை நோக்கி நாள்முழுதும் திறந்திருக்கும் கணினியில் சாவிகளை வைக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நோடு சரிபார்க்கட்டும், சாவிகள் வேறிடத்தில் இருக்கட்டும்.

கடைசி வரி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 ஜிபிக்கு மேல் பதிவேற்றாமல் இருக்க முயலச் சொல்கிறது. வரம்பை நெருங்கினால் நோடு ஒரு வாரத்துக்கு முந்தைய பிளாக்குகளைப் பிறருக்குத் தருவதை நிறுத்திக்கொள்ளும். டேட்டா வரம்பில்லாத இணைப்பு என்றால் இந்த வரி வேண்டாம், தாராளமாகக் கொடுங்கள். புதிதாக வரும் நோடுகள் அதை நம்பித்தான் வளர்கின்றன.

இடம் போதவில்லையா? புரூன்=550 என்று சேர்த்தால், எல்லாப் பிளாக்குகளையும் முதலிலிருந்து சரிபார்த்துவிட்டு, பழையவற்றை அழித்துக்கொண்டே வரும். 550 மெபிபைட் என்பது அனுமதிக்கப்படும் மிகக் குறைந்த அளவு. நாணயத் துண்டுப் பட்டியலுக்கான இடம் இது போகத் தனி. புரூன் செய்த நோடும் முழுமையாகச் சரிபார்க்கும் நோடுதான், பழைய வரலாற்றைப் பிறருக்குத் தர மட்டும் அதால் முடியாது. எந்தப் பரிவர்த்தனையையும் அதன் எண்ணைக் கொண்டு தேட வேண்டுமென்றால் டிஎக்ஸ்இண்டெக்ஸ்=1 தேவை. ஆனால் அதுவும் புரூனும் ஒன்றாக வேலை செய்யாது.

படி 4: ஒத்திகை, பிறகு உண்மையான ஒத்திசைவு

பிட்காயின் பயனராக இருந்துகொண்டு, பின்னணியில் ஓடச் செய்யும் டீமன் விருப்பத்தோடு பிட்காயின்டியை இயக்குங்கள். பிறகு பிட்காயின்-சிஎல்ஐ கெட்பிளாக்செயின்இன்ஃபோ என்று தட்டுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் பெரும்பாலும் நீங்கள் வேறு பயனர் கணக்கில் இருப்பீர்கள். நோடு ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றைக் குக்கீ கோப்பில் எழுதும், அதைப் படிக்கும் உரிமை அதே பயனருக்குத்தான் உண்டு.

சிக்நெட்டில் எல்லாம் சரியாக ஓடினால், பிட்காயின்-சிஎல்ஐ ஸ்டாப் என்று நிறுத்தி, சிக்நெட் வரியை நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இப்போது உண்மையான வேலை ஆரம்பம்.

முதலில் பிளாக்குகளின் தலைப்புகள் மட்டும் இறங்கும். ஒவ்வொன்றும் 80 பைட்தான், ஆகவே ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள் விரைவில் வந்துவிடும். அடுத்து முழுப் பிளாக்குகள் பல நோடுகளிலிருந்து ஒரே நேரத்தில் இறங்கும். தொடக்கத்தில் எண் மளமளவென்று ஏறும், ஏனென்றால் முதல் சில ஆண்டுகளின் பிளாக்குகள் ஏறக்குறைய காலி. பிறகு வேகம் குறையும். நோடு கெட்டுவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். பிளாக் எண்ணைவிட, 'வெரிஃபிகேஷன்புராக்ரஸ்' மதிப்பைப் பாருங்கள். அது பரிவர்த்தனைகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படுவதால், எவ்வளவு வேலை மீதி என்பதைச் சரியாகச் சொல்லும். 1ஐ நெருங்கினால் முடியப்போகிறது. நல்ல எஸ்எஸ்டியில் ஒன்றிரண்டு நாள் ஆகலாம், எளிய கணினியில் அதைவிடக் கூடுதல்.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு குறிப்பிட்ட பிளாக்கின் ஹாஷ் பதிக்கப்பட்டிருக்கும். அதற்கு முந்தைய பிளாக்குகளில் உள்ள பரிவர்த்தனைகளின் கையொப்பங்களை நோடு இயல்பாகச் சோதிப்பதில்லை. வேலைச்சான்று (பிளாக்கை உருவாக்கக் கணிப்பு உழைப்பு செலவானதற்கான ஆதாரம்), தொகைகள், இரட்டைச் செலவு ஆகியவற்றைச் சோதிக்கும். கையொப்பங்களையும் முதலிலிருந்தே பார்க்க வேண்டுமானால் அஸ்யூம்வேலிட்=0 என்று சேருங்கள். நேரம் நிறைய எடுக்கும். சர்வர் சும்மா இருக்கிறது, அவசரமும் இல்லை என்றால் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். மாறாக, வேறொருவர் பென் டிரைவில் தரும் சரிபார்த்த தரவுத்தளத்தை அப்படியே ஒட்டிக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் நீங்கள் நம்புவது அவருடைய நோடை.

படி 5: தானாகத் தொடங்க வைத்தல்

சர்வர் மறுதொடக்கமானால் நோடும் தானே எழ வேண்டும். அதற்கான சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) கோப்பு பிட்காயின் கோரின் மூல நிரலில் காண்ட்ரிப், இனிட் கோப்புறையில் தயாராக இருக்கிறது. அதில் நிரலின் பாதை, அமைப்புக் கோப்பின் பாதை, தரவுக் கோப்புறை, பயனர் பெயர், குழு ஆகியவற்றை உங்களுடையதற்கு ஏற்ப மாற்றுங்கள். நம் தரவு ஹோம் கோப்புறையில் இருப்பதால், அதை மறைக்கும் புரொடெக்ட்ஹோம்=ட்ரூ வரியையும் நீக்குங்கள். நிறுத்துவதற்கான காத்திருப்பு நேரம் 600 வினாடி என்றிருக்கும், அதைக் குறைக்காதீர்கள். ரேமில் உள்ள நாணயத் துண்டுப் பட்டியலை டிஸ்க்கில் எழுதி முடிக்க அந்த நேரம் தேவைப்படலாம். நடுவில் மின்சாரம் போனால் தரவு பழுதாகக்கூடும். பிளாக் கோப்புகள் நன்றாக இருந்து பட்டியல் மட்டும் கெட்டிருந்தால், புரூன் செய்யாத நோடில் ரீஇண்டெக்ஸ்-செயின்ஸ்டேட் விருப்பத்தோடு தொடங்கினால் போதும், மறுபடி பதிவிறக்க வேண்டியதில்லை.

படி 6: பிறர் உங்களிடம் வர வழி

நோடு தானாக வெளியே 10 நிலையான இணைப்புகளைத் தேடிக்கொள்ளும். உள்ளே வருவதையும் சேர்த்து மொத்தம் இயல்பாக 125 வரை. கெட்நெட்வொர்க்இன்ஃபோ கட்டளையில் உள்வரும் இணைப்பு எப்போதும் 0 என்றே இருந்தால், ரவுட்டரில் 8333 போர்ட்டைச் சர்வருக்குத் திருப்பிவிட வேண்டும்.

இணைய நிறுவனம் தனிப் பொது ஐபி முகவரி தராவிட்டால் அது பலிக்காது. அப்போது, ஐபி முகவரியை மறைத்துத் தகவலைக் கடத்தும் டோர் வலையமைப்பு கைகொடுக்கும். டோரை நிறுவி, அதன் அமைப்பில் கண்ட்ரோல்போர்ட் 9051, குக்கீஆதெண்டிகேஷன் 1 என்ற இரண்டையும் இயக்குங்கள். பிட்காயின் பயனரை டோரின் குழுவில் சேர்த்து இரண்டையும் மறுதொடக்கம் செய்தால், நோடு தானே ஓர் ஆனியன் முகவரியை (டோருக்குள் மட்டும் இயங்கும் முகவரி) உருவாக்கிக்கொள்ளும். எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம். உங்கள் ஐபி முகவரி தெரியவே கூடாது என்றால், பிராக்ஸி=127.0.0.1:9050, ஆன்லிநெட்=ஆனியன் ஆகிய இரண்டையும் சேருங்கள்.

இனி

பிட்காயின் கோர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள், எந்த விதிகளை ஓட்டுவது என்பது நோடு வைத்திருப்பவரின் முடிவு. புதிய பதிப்பு வந்தால் வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, படி 2ஐ முழுவதுமாக மறுபடி செய்யுங்கள்.

ஒத்திசைவு முடிந்ததும் பிட்காயின்-சிஎல்ஐ கெட்டிஎக்ஸ்அவுட்செட்இன்ஃபோ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சில நிமிடம் எடுத்துக்கொண்டு, செலவழிக்கப்படாத எல்லாத் துண்டுகளையும் உங்கள் டிஸ்க்கிலிருந்தே கூட்டிச் சொல்லும். 'டோட்டல்_அமௌன்ட்' என்ற வரியில் 2 கோடியை ஒட்டிய ஓர் எண் இருக்கும். உச்சவரம்பு 2 கோடியே 10 லட்சம். அதுவரை வெளியாகியிருக்க வேண்டிய தொகையைவிட இந்த எண் சற்றுக் குறைவாக இருப்பது பிழையல்ல. முதல் பிளாக்கின் 50 பிட்காயின் இந்தப் பட்டியலிலேயே கிடையாது, சில மைனர்கள் தங்களுக்கு உரியதைவிடக் குறைவாக எடுத்துக்கொண்டதும் உண்டு. இந்தக் கூட்டலை அடிக்கடி பார்க்க விரும்பினால் காயின்ஸ்டாட்ஸ்இண்டெக்ஸ்=1 சேர்த்து மறுதொடக்கம் செய்யுங்கள். அந்த அட்டவணை உருவாகி முடிந்த பிறகு, அதே கட்டளையின் கடைசியில் 'மியூஹாஷ்' என்று சேர்த்துக் கேட்டால் விடை உடனே வரும்.