விவாகரத்து வழக்குக்கு முன் வீட்டை விட்டு வெளியேறும்போது செய்யும் தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றிலிருந்து என் சிநேகிதி சாமான்களோடு வெளியேறிய அன்று நானும் கூட நின்றேன். காலையில் பட்டா லொறி வந்தது. மத்தியானத்துக்குள் அலுமாரி, தையல் மெசின், பிள்ளையின் கட்டில் எல்லாம் ஏறிவிட்டன. நகை அடகுச் சீட்டுகள் இருந்த பைல் மட்டும் மேசை லாச்சிக்குள்ளேயே தங்கிவிட்டது. அதைத் திரும்ப வாங்க அவள் மாதக்கணக்கில் அலைந்தாள்.

பாரமான சாமானை முதலில் ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முதலில் கைக்கு வரவேண்டியது காகிதம்: விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டு, காணி உறுதியின் பிரதி, வங்கிப் புத்தகம், லீசிங் பத்திரம், அடகுச் சீட்டு. கட்டிலை இன்னொரு நாளும் கேட்கலாம்.

அதைவிடப் பெரிய தவறு, ஏன் போகிறோம் என்பதை எங்கும் பதியாமல் போவது. இலங்கையின் பொதுச் சட்டத்தில் இரண்டு பேரும் "சரி, பிரிவோம்" என்று சம்மதித்துவிட்டால் மட்டும் விவாகரத்து கிடைக்காது. 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் சொல்லும் காரணங்கள் மூன்றுதான்: திருமணத்துக்குப் பிந்திய விபசாரம், வன்மத்தோடு கைவிடுதல், திருமணத்தின்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. (முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம், காதி நீதிமன்றம். கண்டியச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களுக்கும் தனிச் சட்டம்.) கைவிடுதலை வைத்து வழக்கு வந்தால், வீட்டை விட்டுப் போனவர்மேல்தான் முதலில் விரல் நீளும். ஆனால் இருக்க முடியாதபடி நடந்து மற்றவரைப் போகவைத்தவரையே கைவிட்டவராக நீதிமன்றம் கொள்ளலாம். அதைக் காட்ட அடிபட்ட காயத்தின் மருத்துவக் குறிப்பு, வந்த மெசேஜ்கள், முன்பு செய்த முறைப்பாட்டின் இலக்கம் எல்லாம் வேண்டும்.

பொலிஸில் "என்ட்ரி" (முறைப்பாட்டுப் பதிவு) போட்டுவிட்டுப் போவது நல்ல பழக்கம்தான். அங்கே என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் கவனம். கொழும்பில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்பது சாதாரணம். "என் சுயவிருப்பத்தில் போகிறேன்" என்ற ஒரு வரி உள்ளே இருந்தால், பிறகு அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. தமிழில் அலுவல் செய்ய அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது, கேளுங்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லையென்றால், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் முழுவதையும் வாசிக்கவைத்த பிறகே கையெழுத்து வையுங்கள். இன்னொன்று, சாமானைப் பங்கு பிரித்துத் தருவது பொலிஸின் வேலையும் அல்ல.

அடி உதை இருக்கும் வீட்டில் பட்டியல் எழுதிக்கொண்டு நிற்காதீர்கள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடிப்பவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றுகூட நீதவான் உத்தரவிட முடியும். போகவேண்டியது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

அமைதியாகப் பேச முடிகிற வீடு என்றால், கொப்பியில் அறை அறையாக எழுதி, திகதி போட்டு, இருவரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி எடுங்கள். பிரிட்ஜ், வாசிங் மெசின் யார் காசில் வாங்கியது, தவணைக் கட்டுக்காசு இன்னும் எவ்வளவு என்பதையும் அதிலேயே குறியுங்கள். லொறி வருமுன் போனில் ஒரு வீடியோ போதும்.

நகையில்தான் மனம் அதிகம் உடைகிறது. பெரியவர்கள் நடுவில் வந்து "தாலிக்கொடியைக் கொடுத்துவிட்டுப் போ" என்பார்கள். அந்த நேரத்து அவமானத்தில் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். பொதுச் சட்டத்தில் மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது. 1923 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) பொருந்துகிறவர்களுக்குக் கணக்கு வேறு: சீதனமும் முதுசமும் (பரம்பரைச் சொத்து) அவரவருக்கு, திருமணக் காலத்தில் தேடிய தேடியதேட்டத்துக்குத் தனி விதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பிலேயே ஊன்றிய குடும்பத்துக்குத் தேசவழமை பொருந்துமா என்பதே வாதத்துக்குரியது. ஒரு சட்டத்தரணியிடம் கேட்காமல் எதையும் விற்கவோ, தம்பி பெயருக்கு மாற்றவோ வேண்டாம். கூட்டுக் கணக்கை ஒரே நாளில் துடைத்தெடுப்பதும் அப்படித்தான், நீதிபதியின் கண்ணில் நன்றாகத் தெரியாது.

"சாமான் முழுவதையும் தருகிறேன், 'இனிக் காசு கேட்கமாட்டேன்' என்று எழுதிக்கொடு" என்பார்கள். எழுதாதீர்கள். பிள்ளையின் தாபரிப்பு (பராமரிப்புக் காசு) சோபா செட்டுக்கு ஈடாகாது. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் அதைக் கேட்க விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்று பலர் பேசாமல் போய்விடுகிறார்கள். புதுக்கடையில் மேல் நீதிமன்றக் கட்டடத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறார்கள். லொறிக்காரனுக்குச் சொல்லுமுன் ஒரு காலை அங்கே போய்வாருங்கள்.