வாரச்சந்தையில் தையல் சாமான் கடை: முதல்முறை போடுகிறவர்களுக்கு

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மூன்று வருடமாக நூல், ஊசி, பட்டன், லைனிங் விற்கிறேன். பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவள்தான் நானும். ஒரு நூல்கண்டுக்காகப் பஸ் ஏறி டவுனுக்குப் போன அலுப்பில்தான் இந்தக் கடையே பிறந்தது. உங்கள் ஊர்ச் சந்தையிலும் இப்படி ஒரு கடைக்கு நிச்சயம் இடம் இருக்கும்.

இடம்

சரக்கு வாங்கும் முன் இரண்டு வாரம் வெறுமனே போய்ச் சந்தையைச் சுற்றிப் பாருங்கள். நைட்டி, பிளவுஸ் பிட் விற்கிற வரிசைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. துணி வாங்கியவர் அடுத்த பத்தடியிலேயே லைனிங் தேடுவார். அங்கே உட்காருவதற்கு முன் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வருடக்கணக்காக ஒருவர் கடை போடும் இடம், அவர் வராத வாரத்திலும் அவருடையதுதான். சந்தையை ஏலம் எடுத்தவரின் ஆள் சுங்கம் வாங்க வருவார், ரசீதைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஏலம் கைமாறினால் தொகையும் மாறலாம்.

சரக்கு

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இருப்பதால் நான் பெங்களூரு சிக்பேட்டை மொத்தக் கடைகளுக்குப் போகிறேன். முதல் சரக்குக்கு 12,000 ரூபாய் போட்டேன். பாவாடை நாடா, ஹூக், எலாஸ்டிக், சேலை ஃபால்ஸ், பாபின், இஞ்சு டேப், மார்க்கிங் சாக், லைனிங் துணி இவை ஓடும். சமிக்கி, ஆரி மணி எல்லாம் முதல் ஆறு மாதம் வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், பணம் அதில் முடங்கிவிடும். ஜூன் மாதம் மட்டும் வெள்ளை பட்டனும் காக்கி ஜிப்பும் கூடுதலாக வையுங்கள், பள்ளிச் சீருடை தைக்கும் நேரம் அது.

நூல் நிறம்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நான் வாடிக்கையாளர்களை இழந்தது இதில்தான்.

முதல் மாதம் வெயிலுக்கு நீல தார்பாலின் கட்டியிருந்தேன். மாம்பழ மஞ்சள் பிளவுஸ் பிட்டுடன் வந்த ஒரு அக்காவுக்குப் பத்து கண்டை அடுக்கிப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதே கண்டுடன் வந்து நின்றார். “வீட்ல போய்ப் பாத்தா பச்சையா அடிக்குதும்மா.” அன்றைக்கு மட்டும் இப்படி மூன்று பேர். தவறு தார்பாலினில் இருந்தது. நீலத் தார்பாலின் வழியாக வரும் வெளிச்சத்தில் மஞ்சள் பச்சையாகத் தெரியும், அரக்கு கறுப்பாகத் தெரியும். அன்று சாயங்காலமே வெள்ளைத் தார்பாலின் வாங்கினேன். இப்போதும் சந்தேகம் வந்தால் கண்டையும் துணியையும் வெயிலுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குகிறேன்.

இன்னொன்று, கண்டில் சுற்றியிருக்கும்போது நூல் அடர்ந்த நிறமாகத் தெரியும். தைத்தபின் ஒற்றை இழையாக வெளுத்துத் தெரியும். அதனால் ஒரு முழம் இழுத்துத் துணியின் மேல் போட்டுப் பாருங்கள். இரண்டு நிறத்துக்கு நடுவே தடுமாறினால் ஒரு படி அடர்ந்ததைக் கொடுங்கள், துணியோடு மறைந்துவிடும்.

கண்டின் லேபிளில் ஷேட் எண் இருக்கும். தீர்ந்ததை அந்த எண்ணால்தான் குறித்து வைக்க வேண்டும். ‘மயில் கழுத்து’ என்று எழுதிக்கொண்டு போனால் மொத்தக் கடையில் நான்கு மயில் கழுத்து எடுத்து வைப்பார்கள். கம்பெனி மாறினால் எண்ணும் மாறும், அதனால் ஒரே கம்பெனி நூலையே பிடித்துக்கொள்ளுங்கள். நான் வர்தமான் வைத்திருக்கிறேன். கம்பெனி பேர் இல்லாத மலிவு நூலைத் தொடவே மாட்டேன். மிஷினில் அறுந்தால் திட்டு நமக்குத்தான்.

அளவு

லேஸும் எலாஸ்டிக்கும் அளக்க முத்திரை போட்ட இரும்பு மீட்டர் கோல் வாங்குங்கள். பலகையில் ஆணி அடித்து அளப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அது சட்டப்படி செல்லாது. எலாஸ்டிக்கை இழுக்காமல் அளந்து கொடுங்கள். அதைப் பார்த்தவர் அடுத்த வாரமும் நம்மைத் தேடி வருவார்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் ஊசி பற்றிக் கேட்டார்கள். எனக்குப் பழகிப்போனதால் எழுதாமல் விட்டுவிட்டேன், மன்னிக்கவும். வீட்டு மிஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தையல் கம்பெனிகளில் ஓடும் பவர் மிஷின் ஊசியின் தலை முழு உருண்டை. ஒன்று மற்றதில் வேலை செய்யாது. ஆகவே “எந்த மிஷின்?” என்று கேட்டுவிட்டே எடுங்கள், பழைய ஊசியைக் கொண்டுவரச் சொன்னால் இன்னும் நல்லது. ஊசி நம்பர் மெல்லிய துணிக்கு 11, பிளவுஸுக்கு 14, பேண்ட் துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18. நான் 14-ஐ மற்றவற்றைவிட மூன்று மடங்கு வைத்திருக்கிறேன்.

நகராட்சிப் பகுதியில் தெருவோரம் தினமும் கடை போடலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்றிதழ் வாங்க வேண்டும், நகராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அப்புறம் மழை. ஊசிப் பொட்டலம் ஒருமுறை நனைந்தால் துரு ஏறிவிடும். மூடி இறுக்கமான டிபன் பாக்ஸில் போட்டு, கடை கட்டும்போது முதலில் அதைப் பையில் வையுங்கள்.