வீட்டுக்குக் காபன் கணக்குப் போடும்போது விடும் பிழைகள்

கட்டடத்தின் காபன் கணக்கு, அதாவது கட்டடப் பொருட்களைச் செய்யவும் கொண்டுவரவும் எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது என்ற கணக்கு, என்றதும் எல்லாருடைய கண்ணும் முதலில் டிப்பரில்தான் விழுகிறது. மட்டக்களப்பில் படுவான்கரையிலிருந்து கல்லடிக்கு மணல் ஏற்றி வருகிறவன் புகை கக்குவது தெரிகிறது. சீமெந்துச் சூளை இங்கிருந்து தெரிவதில்லை.

ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குலச் சிலாப் என்றால் கொங்கிறீற் 4 கியூபுக்குச் சற்று மேல், ஏறத்தாழ 12 கன மீற்றர். சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு, கல் நான்கு என்ற 1:2:4 கலவையில் 50 கிலோப் பக்கற் 75 சீமெந்து போகும். சாதாரண போட்லண்ட் சீமெந்தில் கிலோவுக்கு 0.9 கிலோ காபனீரொட்சைட்டு என்று வைத்தாலும் மூன்றேகால் தொன்னுக்கு மேல். மணல் டிப்பர் போக வர 80 கிலோமீற்றர் ஓடினால், லீற்றருக்கு 4 கிலோமீற்றர் வீதம் 20 லீற்றர் டீசல். அதன் காபனீரொட்சைட்டு 55 கிலோ வரும், அவ்வளவுதான். சீமெந்தில் வருவதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் சூட்டில் சிதையும்போது கல்லிலிருந்தே வெளியேறுவது. எரிபொருளை மாற்றினாலும் அது போகாது.

இதனால் எல்லாச் சீமெந்துக்கும் கிலோவுக்கு இத்தனை காபன் என்று ஒரே எண்ணைப் போடுவது பெரிய பிழை. பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள்: இலங்கைத் தர நியமமான எஸ்.எல்.எஸ். இலக்கம் 107 என்றால் சாதாரண போட்லண்ட், 1247 என்றால் கலப்புச் சீமெந்து. கலப்பில் கிளிங்கரின், அதாவது சூளையில் சுட்டெடுத்து அரைக்கும் கட்டியின், ஒரு பங்குக்குப் பதிலாக நுரைச்சோலை அனல்மின் நிலையச் சாம்பல் போன்றவை சேரும், காபனும் அந்தளவு குறையும். கடற்கரைப் பக்கம் உப்பைத் தாங்குவதிலும் அது நல்லது. ஆனால் மெதுவாகத்தான் இறுகும், கூடுதல் நாள் ஈரமாக வைத்திருக்கவேண்டும். மேசன் இரண்டு நாளில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டால் கணக்கில் மிச்சம் பிடித்தது சுவரில் போய்விடும். தூரத்தையும் ஹார்ட்வெயார் கடையிலிருந்து அளக்காதீர்கள். திருகோணமலையில் அரைக்கும் சீமெந்தின் கிளிங்கர் கப்பலில் வருகிறது.

இனி மணல். காபன் பட்டியலில் அது கடைசியில் கிடக்கும், அதைப் பார்த்துவிட்டு "மணலால் பாதிப்பில்லை" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் பிழை இது. முந்தனையாற்றிலோ மாதுறு ஓயாவிலோ அளவுக்கு மீறி அள்ளினால் ஆற்றுப்படுகை தாழும், கரை சரியும், கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும், முகத்துவாரப் பக்கமிருந்து உப்புநீர் மேலேறும். இவற்றில் ஒன்றும் கிலோக் காபனில் வராது. ஆகவே கணக்கில் மணலுக்கென்று தனி வரிசை ஒன்று வையுங்கள்: எத்தனை கியூப், எந்த ஆறு, புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி உண்டா. டிப்பர்காரரிடம் கேட்டால் அனுமதிப்பத்திரத்தைக் காட்டுவார், அல்லது பேச்சை மாற்றுவார். இரண்டுமே தகவல்தான்.

செங்கல்லுக்கு கட்டடப் பொருட்களின் காபன் எண்களைத் தொகுத்த இங்கிலாந்தின் ஐ.சி.இ. தரவுத்தள எண்ணை அப்படியே ஒட்டுவார்கள். அது பெரும்பாலும் எரிவாயுவில் வேகும் கல்லுக்கானது. நமது சூளையில் விறகும் உமியும் எரிகின்றன. விறகு மரந்தானே என்று பூச்சியம் போடுவதும் சரியல்ல. வெட்டிய மரம் திரும்ப வளர்ந்தால்தான் அந்தப் பூச்சியம் நிற்கும். உமி வேறு கதை, அது ஆலையில் கிடக்கும் கழிவு. இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

கிலோவுக்குக் கிலோ ஒப்பிடுவதையும் விடுங்கள். கொங்கிறீற்றுக்குள் வைக்கும் இரும்புக் கம்பியின் எண் கொங்கிறீற்றினதைவிடப் பல மடங்கு, ஆனால் போகும் எடை எவ்வளவு? சுவரைச் சதுர மீற்றருக்கு, சாந்தும் பூச்சும் சேர்த்து ஒப்பிடவேண்டும். கம்பி இரும்புத் தாதிலிருந்து வந்ததா, பழைய இரும்பை மின் உலையில் உருக்கியதா என்பதிலேயே எண் பாதிக்கும் கீழே இறங்கும்.

ஆயுட்காலம் இன்னொரு பொறி. எல்லா வீட்டுக்கும் 60 வருட ஆயுள் என்று போட்டு மொத்தக் காபனை அதால் வகுப்பார்கள். காத்தான்குடியில் கழுவாத கடல்மணலில் போட்ட சிலாப் அவ்வளவு காலம் நிற்காது, கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். இடையில் மாற்றப்படும் கூரைச் சீற்றும் கணக்கில் வரவேண்டும்.

பழைய வீட்டுச் செங்கல்லை எடுத்துக் கட்டினால், இடித்தவரும் கட்டுபவரும் அந்த நன்மையைத் தத்தம் கணக்கில் கழித்துவிடுவார்கள். கட்டடங்களின் சூழல் கணக்குக்கான ஐரோப்பிய நியமமான ஈ.என். 15978 இதை டி என்ற தனிக் கூற்றில் வைக்கச் சொல்கிறது, மொத்தத்தோடு கலக்கக் கூடாது. வீட்டின் மொத்த விடையை 48.372 தொன் என்று எழுதுவதும் வேண்டாம். சீமெந்து வகையே ஊகம் என்றால் "40 முதல் 55 தொன்" என்று போட்டு, எந்த ஊகத்தில் என்று பக்கத்தில் குறியுங்கள்.