பழைய மாருதி வேன்: வண்டி வேலையை வீட்டிலேயே பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) வைத்த பழைய மாருதி வேனைத் தேடிப் பிடித்து வாங்கும் இளைஞர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். 1984-இல் ‘மாருதி வேன்’ என்று வந்து, 1988-இல் ‘ஆம்னி’ என்று பெயர் மாறி, 2019 வரை தயாரான வண்டி. பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற, ஆஸ்பத்திரிக்கு ஓட, சினிமாவில் ஆள் கடத்த என்று எல்லாவற்றுக்கும் இதுதான். மூன்று சிலிண்டர், 796 சிசி, முன் சீட்டுக்கு அடியில் எஞ்சின். சீட்டைத் தூக்கினால் பாதி வேலை கைக்கு எட்டிவிடும். அதனால்தான் வீட்டு வாசலில் நிறுத்தி நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசை வருகிறது. அந்த ஆசையில் புதியவர்கள் செய்கிற காரியங்களைப் பார்த்தால், பாதிக்கு மேல் நானும் ஒரு காலத்தில் செய்தவைதான்.

வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் ஸ்பானரைத் தொடவே வேண்டாம்.

எடுத்ததும் கார்பரேட்டரில் கை வைப்பது

ஐடிலிங்கில் நிற்கவில்லை, பிக்கப் இல்லை, இழுக்கும்போது திக்குகிறது என்றதும் ஸ்க்ரூடிரைவர் நேராகக் கார்பரேட்டருக்குப் போகிறது. கால் திருகு இந்தப் பக்கம், அரைத் திருகு அந்தப் பக்கம். கடைசியில் ஸ்க்ரூ முதலில் எங்கே இருந்தது என்பதே மறந்துவிடும்.

சி.பி. பாயிண்ட் (தீப்பொறிக்கான கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) வைத்த வண்டிகளில் இந்தப் புகார்களில் பெரும்பாலானவை கரண்ட் பக்கத்திலிருந்து வருபவை. பாயிண்டின் குதிகால் தேய்ந்து இடைவெளி குறைந்திருக்கும், கண்டன்சர் போயிருக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ., பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இந்த இரண்டையும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பாருங்கள். அடுத்து வேக்குவம் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள்; காய்ந்துபோன ஹோஸ் வளைத்தால்தான் வெடிப்பைக் காட்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் கார்பரேட்டருக்கு வரலாம். ஸ்க்ரூவைத் தொடுமுன், மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிப் போக ஒரு வழி இருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

எங்கள் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் தொண்ணூறுகளில் வந்த வேன் ஒன்றை வாங்கினார். ஏப்ரல் மாதம், தாம்பரம் வெயில், மேம்பாலத்தில் நெரிசல். டெம்பரேச்சர் முள் மேலே ஏறிவிட்டது. வழியில் ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்து, “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு தம்பி? இதெல்லாம் குளிர்ப் பிரதேசத்துக்கு வச்சது” என்று சொல்லி அனுப்பிவிட்டார். முள் இறங்கிவிட்டது. தம்பி என்னிடம் வந்து, “அண்ணே, வண்டி இப்போ ஜில்லுனு ஓடுது” என்றார். ஜில்லென்று ஓடுவதுதான் கோளாறு என்று சொன்னேன். நான் பொறாமையில் பேசுவதாக நினைத்திருப்பார்.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சின்ன வால்வு, அவ்வளவுதான். தண்ணீர் 82 டிகிரி வாக்கில் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும். அந்தச் சூட்டில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். எஞ்சின் சட்டென்று சூடேறி அந்தச் சூட்டிலேயே நிற்க வேண்டும் என்பதற்காக வைத்தது. சென்னையாக இருந்தாலும் சிம்லாவாக இருந்தாலும் எஞ்சினுக்கு வேண்டிய சூடு ஒன்றுதான்.

ஏப்ரல் மத்தியான நெரிசலில் நல்ல தெர்மோஸ்டாட் எப்படியும் முழுக்கத் திறந்துதான் இருக்கும். திறந்து கிடக்கிற கதவைப் பெயர்த்து எடுப்பதால் வீட்டுக்குள் கூடுதலாகக் காற்று வந்துவிடாது. ரேடியேட்டரால் எவ்வளவு சூட்டை வெளியே தள்ள முடியுமோ அவ்வளவுதான் முடியும். அப்படியானால் கழற்றியதும் முள் ஏன் இறங்கியது? அந்தத் தெர்மோஸ்டாட் துருவேறிப் பாதித் திறப்பில் சிக்கிக் கிடந்தது. சில நூறு ரூபாயில் புதியது போட்டிருந்தாலும் முள் இறங்கியிருக்கும். அது ஏன் துருவேறியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதை யாரும் கேட்கவில்லை.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும்? காலையில் எடுத்தவுடன் தண்ணீர் முழுவதும் ரேடியேட்டர் வழியே சுற்றுகிறது. எஞ்சின் சூடேற வெகுநேரம் ஆகும். அதுவரை பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயில் நீர்த்துப்போகும், ரிங் தேயும், மைலேஜ் குறையும். கிட்டத்திலேயே ஓட்டுகிற வண்டி என்றால் ஆயிலில் சேரும் ஈரம் காயாமல் ஆயில் மூடியின் உள்பக்கம் வெளிறிய பசையாகப் படியும். அதைப் பார்த்து, பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலிருக்கும் ‘ஹெட் கேஸ்கெட் போய்விட்டது’ என்று பயந்து, நன்றாக இருக்கும் ஹெட்டைத் திறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தத் துருவுக்கு வருவோம். தம்பியின் ரேடியேட்டரில் இருந்தது போர்வெல் தண்ணீர். தாம்பரம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் குளியலறைக் குழாயில் என்ன படியவைக்கிறது என்று பார்த்தாலே போதும். எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டையும் வெறும் தண்ணீரில் நனைத்து வைத்தால் இரும்பு துருவேறும், அலுமினியம் அரிக்கும். உப்பு படிவது அதிகம் சூடாகிற இடத்தில்தான், அதாவது எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி. அங்கே சுண்ணாம்பு ஓடு கட்டிவிட்டால் சூடு தண்ணீருக்கு இறங்காது. கழன்று வரும் துரு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைக்கும். கூலன்ட் என்பது பச்சைச் சாயம் போட்ட தண்ணீர் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அதில் முக்கியமானதே இந்தத் துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்துதான். அந்த மருந்தும் தீர்ந்துபோகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

அடுத்த கோடையில் தம்பி குடும்பத்தோடு ஏலகிரி போனார். பதினான்கு கொண்டை ஊசி வளைவு. எங்கோ ஓர் அரித்துப்போன இடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. முள் ஏறவே இல்லை. ஏன் ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள்: டெம்பரேச்சர் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் ஒழுங்காகச் சூடு காட்டும். தண்ணீர் இறங்கிவிட்டால் அது வெறும் ஆவியில் நிற்கும். முள் சாதுவாகக் கீழேயே இருக்கும். ஃபேனை ஓடவிடும் சுவிட்சுக்கும் இதே கதைதான். வண்டி இழுவை குறைந்து நின்றபோதுதான் அவருக்குத் தெரிந்தது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டும் வளைந்துவிட்டது. லேத்தில் கொடுத்து ஃபேஸிங் அடித்து (வளைந்த முகத்தைச் சமமாகச் சீவி), கேஸ்கெட் செட் மாற்றி, ரேடியேட்டரும் மாற்றி, வண்டி மாதக்கணக்கில் வாசலில் நின்றது. சில நூறு ரூபாய் வால்வையும் ஒரு கேன் கூலன்டையும் மிச்சம் பிடித்ததற்கு வந்த பில் அது. அதைவிட எரிச்சல், ஹெட் வேலை முடிந்து வந்த வண்டியிலும் தெர்மோஸ்டாட் இல்லை! வேலை பார்த்தவரும் அது எதுக்கு என்ற கட்சிதான்.

உங்கள் வண்டியின் தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் இருந்தால் கழற்றி அடுப்படிக்குக் கொண்டு போங்கள். வால்வின் வாயில் ஒரு தையல் நூலைக் கவ்வக் கொடுத்து, அந்த நூலிலேயே தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிடுங்கள், அடியைத் தொடாமல். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அடுப்பைச் சிறு தீயில் வையுங்கள். வால்வு திறக்கத் தொடங்கும் நொடியில் நூலின் பிடி விட்டு தெர்மோஸ்டாட் ‘டொக்’ என்று அடியில் விழும். அப்போது எவ்வளவு சூடு என்று பாருங்கள். அதன் விளிம்பில் அச்சடித்திருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. கொதிக்கும்வரை விழவே இல்லை என்றால் புதியது வாங்குங்கள். வீட்டில் கேட்டால் பாத்திரம் பழையது என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

திரும்ப மாட்டும்போது தெர்மோஸ்டாட் தட்டில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடுகிற ஒரு பின்னும் இருந்தால், அது மேல்பக்கம் வர வேண்டும். காற்று வெளியேறும் வழி அதுதான். கூலன்டோடு கலப்பது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டராக இருக்கட்டும், பாதிக்குப் பாதி. ஊற்றியதும் மூடிவிட்டுக் கிளம்பாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் ஒருமுறை ஓடி நின்ற பிறகு அணைத்து, மறுநாள் காலை முழுக்க ஆறியபின் திறந்து பாருங்கள். அளவு நிச்சயம் இறங்கியிருக்கும். ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். மேலே 0.9 என்று அச்சிட்ட மூடி அவ்வளவு அழுத்தத்தைப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடி என்றால் நூறிலேயே கொதித்துவிடும். வடித்த பழைய கூலன்டைத் தெருவில் கொட்ட வேண்டாம். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும்.

துருவுக்கு மேல் பட்டி

இந்த வேனில் துரு வரும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: கூரை ஓரத்து மழைநீர்ப் பள்ளம், தள்ளுகதவின் கீழ்த்தடம், பேட்டரிக்கு அடியில், ரப்பர் மேட்டுக்குக் கீழே. வாங்கும்போது ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போய் அங்கெல்லாம் ஒட்டிப் பாருங்கள். காந்தம் நழுவினால் உள்ளே தகடு இல்லை, பெயின்டுக்கு முன் பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டிதான்.

துருவைத் தேய்த்து, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்தால் ஒரு பருவமழை தாங்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடியில் துரு முன்னைவிட வேகமாகப் பரவும். துருவேறிய பகுதியை நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மெல்லிய தகடு என்பதால் சி.ஓ.2 வெல்டிங்தான் சரி. அதுவும் ஒரே இழுப்பில் அல்ல, இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டாக. இல்லாவிட்டால் தகடு நெளிந்துவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளைப் பட்டியால் அடைத்துவிட்டு, ‘கதவு ஏன் துருப்பிடிக்கிறது’ என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

பழைய பெட்ரோல் ஹோஸ்

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வேன் செய்யப்பட்ட காலத்து ரப்பர் அதற்கானது அல்ல. ஹோஸ் ஊதி மென்மையாகும், பிறகு வெடிக்கும். பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் அப்படியே. எஞ்சின் நம் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். வெளியே நன்றாகத் தெரிகிறது என்று விடாமல், டேங்க்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், கிளாம்ப்போடு. வண்டிக்குள் லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தால், ‘பழைய வண்டி அப்படித்தான்’ என்ற பேச்சே கூடாது.

மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பாதி டேங்க்கோடு நிறுத்தாதீர்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும்.

பெட்ரோல் டேங்க்கை வீட்டில் வெல்டிங் செய்வது

காலி டேங்க்தானே என்று சொல்லாதீர்கள். அதுதான் வெடிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரிப்பது

பிரேக், சஸ்பென்ஷன், எஞ்சின், ஒயரிங் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு ‘ரெஸ்டோரேஷன்’ என்று பெயர் வைத்தவர்களின் வண்டிகள் கவர் போட்டு நிற்பதை ஊரெங்கும் பார்க்கலாம். பாதி பிரித்த வண்டி கடைசியில் சென்னைப் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குத்தான் போகும். ஒரு வேலையை எடுங்கள், முடியுங்கள், வண்டியை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் அடுத்தது. கழற்றிய போல்ட்டுகளை ஜிப் கவரில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். புதுச் சாமான் கையில் வந்து மாட்டிப் பார்க்கும்வரை பழையதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஆம்னிக்கு இன்னும் சென்னை ஜி.பி. ரோட்டில் ஓரளவு சாமான் கிடைக்கிறது. மாடடோர், ஸ்டாண்டர்ட் 20 போன்ற பழைய வேன் வைத்திருப்பவரிடம் கேளுங்கள், ஒரு பழைய புஷ்ஷுக்காக எத்தனை ஊர் அலைகிறார் என்று சொல்வார்.

பிரேக் ரப்பரை பெட்ரோலில் கழுவுவது

ரப்பர் ஊதிவிடும், பிரேக் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆயிலில் மட்டும் கழுவுங்கள்.

நிறத்தை மாற்றுவது

பிடித்த நிறம் அடிக்கலாம். ஆனால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் போகும்போது இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பது அதைத்தான்.