மலையில் தனிக்குடிசையா? பள்ளத்தில் போடாதீர்கள்

ஊரை விட்டு ஒதுங்கி நீலகிரியில் தனியாக வாழ நினைத்தால், ஓடையோரப் பள்ளத்தை விட்டுக் கொஞ்சம் மேலேறிச் சரிவில் குடிசை போடுங்கள், விறகு மிச்சமாகும். காற்றும் மேகமும் இல்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். ஊட்டியில் ஜனவரி காலையில் பாருங்கள்: பள்ளத்துப் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும், மேலே சரிவில் வெறும் ஈரம்தான் இருக்கும். கிழக்கு பார்த்த சரிவென்றால் இன்னும் நல்லது, வெயில் சீக்கிரம் விழும்.

ஆனால் அவலாஞ்சி பக்கம் இது அப்படியே பொருந்தாது. அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்றும் மழையும் திறந்த சரிவை அறைந்து தள்ளும். பனியை விடக் காற்றுக்கு மறைவுதான் முக்கியம். மண் சரிந்த தடம் தெரிகிற இடம் எங்கேயும் வேண்டவே வேண்டாம். அப்புறம், நிலம் பட்டாவாக இருக்கட்டும். காப்புக்காட்டில் குடிசை போடுவது குற்றம்.